மிஸ்ஸம்மா, மிஸ்ஸியம்மா, மிஸ் மேரி: இந்த மூன்று படங்களைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1955-இல் வெளிவந்த தெலுங்குப் படமான 'மிஸ்ஸம்மா'வைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நமக்கு 'மிஸ்ஸியம்மா' என்ற பெயரில் அறிமுகமான கதைதானே, உரிமையோடு எழுதுகிறோம். ஆனால் அந்தப் பதிவுகளில் ஒரே பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒருவர் போட்டதை இன்னொருவர் எடுத்துப் போட்டு, நாளடைவில் அதுவே வரலாறு போல நிலைத்துவிடுகிறது. எழுபது ஆண்டு ஆகியும் சிரிக்க வைக்கிற ஒரு படத்துக்கு இப்படி நேரக்கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கதையைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. வேலை தேடி அலையும் பட்டதாரி எம். டி. ராவ். கடன் கொடுத்த டேவிட்டின் தொல்லை தாங்காமல் வேலை தேடும் பட்டதாரிப் பெண் மேரி. அப்பாபுரம் என்ற கிராமத்தில் ஜமீன்தார் நடத்தும் பள்ளிக்கு ஆசிரியர்கள் வேண்டும். ஆனால் பட்டம் பெற்ற கணவன் மனைவியாக இருக்க வேண்டும் என்று விளம்பரம் வருகிறது. இருவரும் தம்பதி என்று பொய் சொல்லி வேலையில் சேர்கிறார்கள். அவன் இந்து, அவள் கிறிஸ்தவப் பெண். ஜமீன்தாருக்குச் சிறு வயதிலேயே திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன மகள் ஒருத்தி உண்டு, பெயர் மகாலட்சுமி. பள்ளிக்கும் அவள் பெயர்தான். அவளைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை ஜமீன்தாருக்கு மருமகன் முறையான உறவுக்காரன், துப்பறியும் மோகம் பிடித்த ராஜு, தானே ஏற்றுக்கொண்டிருக்கிறான். மற்றதை ஊகித்துவிடலாம்.

டப்பிங் என்று எழுதுவது, ரீமேக் என்று எழுதுவது

அதிகம் கண்ணில் படுவது இதுதான். 'மிஸ்ஸியம்மா' தெலுங்கிலிருந்து டப் செய்யப்பட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். தெலுங்கு வெற்றியைப் பார்த்துத் தமிழில் ரீமேக் செய்தார்கள் என்று வேறு சிலர். இரண்டுமே சரியில்லை. தெலுங்குப் படம் 1955 ஜனவரி 12 அன்று வெளியானது. தமிழ்ப் படம் ஜனவரி 14, பொங்கலுக்கு வந்தது. நடுவில் இரண்டே நாள். ஒரு படத்தின் வெற்றியைப் பார்த்துவிட்டு இரண்டு நாளில் இன்னொன்றை யாரும் எடுத்து முடிக்க முடியாது.

நடந்தது இதுதான். நாகிரெட்டியும் சக்கரபாணியும் நடத்திய விஜயா நிறுவனம் சென்னை வடபழனியில் இருந்துகொண்டு இரண்டு மொழிக்கும் ஒரே சமயத்தில் படம் எடுத்தது. இரண்டுக்கும் இயக்குநர் எல். வி. பிரசாத். இரண்டுக்கும் ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி. இரண்டுக்கும் இசை எஸ். ராஜேஸ்வர ராவ். தெலுங்கில் வசனமும் பாட்டும் பிங்களி நாகேந்திர ராவ். தமிழில் அந்த வேலையைச் செய்தவர் தஞ்சை ராமையாதாஸ். சாவித்திரி, ஜமுனா, எஸ். வி. ரங்கா ராவ், ருஷ்யேந்திரமணி ஆகியோர் இரண்டிலும் உண்டு. கதாநாயகன் மட்டும் தெலுங்கில் என். டி. ராமா ராவ், தமிழில் ஜெமினி கணேசன். ஆகவே இதை இருமொழிப் படம் என்று சொல்வதுதான் முறை. 

அன்று தெலுங்கு சினிமாவின் தலைநகரும் சென்னைதான் என்பதை மறந்துவிடுவதால்தான் இந்தக் குழப்பம். ஐதராபாத்தில் எடுத்து இங்கே கொண்டுவந்தார்கள் என்ற இன்றைய கணக்கு அந்தக் காலத்துக்குப் பொருந்தாது. இரண்டு மொழி நடிகர்களும் ஒரே வளாகத்தில் வேலை செய்தார்கள், பலர் இரண்டு மொழியிலும் பேசி நடித்தார்கள்.

அதற்காக விஜயா எடுத்த எல்லாவற்றுக்கும் ஒரே விதி என்றும் எழுதிவிடக் கூடாது. 'பாதாள பைரவி'யில் இரண்டு மொழியிலும் என். டி. ஆர்.தான் நாயகன். 'மாயாபஜா'ரில் இரண்டு மொழியிலும் அவர்தான் கிருஷ்ணன், ஆனால் அபிமன்யு தெலுங்கில் நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி. 1962-இல் வந்த 'குண்டம்மா கதா'வின் தமிழ் வடிவமான 'மனிதன் மாறவில்லை'யில் நாகேஸ்வர ராவ் அப்படியே இருந்தார், ராமா ராவ் இடத்துக்குத்தான் ஜெமினி வந்தார். ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

உண்மையிலேயே ரீமேக் என்று சொல்லத் தகுந்தது 1957-இல் வந்த இந்தி 'மிஸ் மேரி'. அதுவும் விஜயா படம் இல்லை, ஏவி.எம். தயாரிப்பு. இயக்குநர் அதே எல். வி. பிரசாத். மேரியாக மீனா குமாரி, நாயகனாக ஜெமினி கணேசன். ஜமீன்தாரின் இளைய மகள் சீதாவாக ஜமுனா நடித்தார். மூன்று மொழியிலும் அந்தப் பாத்திரத்துக்கு அவர் ஒருவரே. இந்தியில் சாவித்திரி நடித்ததாகவோ தமிழை அப்படியே இந்தியில் டப் செய்ததாகவோ எழுதுவது, போஸ்டரில் ஜெமினியின் முகத்தைப் பார்த்துவிட்டு மற்றதை ஊகித்துக்கொள்வதால் வருகிறது.

கதை ஆந்திராவில் பிறந்தது என்று எண்ணுவது

'மிஸ்ஸம்மா'தான் மூலம், மற்ற எல்லாம் அதன் பிள்ளைகள் என்று முடித்துவிடுகிறவர்கள் பாதி தூரம்தான் போயிருக்கிறார்கள். இதன் வேர் வங்காளத்தில். ரவீந்திரநாத் மைத்ர எழுதிய 'மன்மயி கேர்ள்ஸ் ஸ்கூல்' என்ற நகைச்சுவை நாடகம்தான் அடித்தளம். (தாகூர் வேறு, இவர் வேறு. 'ரவீந்திரநாத்' என்று பார்த்தவுடன் தாகூர் கதை என்று எழுதியவர்களும் உண்டு.) துப்பறியும் இழைக்கு, பியோம்கேஷ் பக்ஷி என்ற துப்பறிவாளர் பாத்திரத்தைப் படைத்த சரதிந்து பந்தோபாத்யாயவின் ஒரு கதையும் தூண்டுகோல் என்பார்கள்.

அந்த நாடகம் 1935-இலேயே வங்காளத்தில் கானன் தேவி நடிக்கப் படமாகிவிட்டது. அப்புறம் 1958-இல் உத்தம் குமார் நடித்து மறுபடி ஒரு வங்கப் படம் வந்தது. இந்த இரண்டாவது படத்தால் ஒரு புதுக் குழப்பம் வந்திருக்கிறது. உத்தம் குமார் படத்தைப் பார்த்துத்தான் 'மிஸ்ஸியம்மா' எடுத்தார்கள் என்று ஆண்டைக் கவனிக்காமல் எழுதுகிறார்கள். 1955 முன்னால் வருகிறதே! 'மிஸ் மேரி'யைப் பார்த்து வங்காளிகள் எடுத்தார்கள் என்பது அதன் மறுபக்கம். அவர்களுக்கு அவர்கள் நாடகமே கையில் இருந்தது. பம்பாய் வழியாகப் போக வேண்டிய அவசியம் இல்லை.

வங்க நாடகம் சென்னைக்கு எப்படி வந்தது? இதற்கு விடை சக்கரபாணி. காசநோய்க்காக மதனப்பள்ளி சானடோரியத்தில் படுத்திருந்த காலத்தில் அவர் வங்க மொழி கற்றுக்கொண்டார். பிறகு சரத் சந்திரரின் நாவல்களைத் தெலுங்கில் மொழிபெயர்த்துப் பெயர் பெற்றார். நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் புரண்ட 'அம்புலிமாமா'வின் தெலுங்கு வடிவமான 'சந்தமாமா'வை நாகிரெட்டியோடு சேர்ந்து 1947-இல் தொடங்கியவரும் இவர்தான். வங்கக் கதைகளை நேரடியாக அந்த மொழியிலேயே படித்துச் சுவைத்த ஒருவர் திரைக்கதையில் உட்கார்ந்ததால்தான், வேறு மண்ணின் கதை என்ற உணர்வே வராதபடி அது அப்பாபுரத்தில் குடியேறியது. படத்தைப் பற்றிப் பேசும்போது இயக்குநர் பெயரை மட்டும் சொல்லிவிட்டுச் சக்கரபாணியைத் தயாரிப்பாளர் என்ற ஒரு சொல்லில் தாண்டிப் போவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'குண்டம்மா கதா'வையும் தெலுங்கின் சொந்தச் சரக்கு என்றே பலர் நினைக்கிறார்கள். அதன் கதை 1958-இல் வந்த 'மனெ தும்பித ஹெண்ணு' என்ற கன்னடப் படத்திலிருந்து வந்தது.

பானுமதி விவகாரத்தை வம்பாக மட்டும் சொல்வது

மேரியாக முதலில் நடித்தவர் பானுமதி. சில ரீல்கள் எடுத்தும் ஆகிவிட்டது. வரலட்சுமி விரதத்தன்று பூஜையை முடித்துவிட்டுத் தாமதமாக வந்தார், முன்கூட்டியே சொல்லி அனுப்பியும் இருந்தார், சேதி சக்கரபாணிக்குப் போய்ச் சேரவில்லை, அவர் மன்னிப்புக் கேட்கச் சொன்னார், பானுமதி மறுத்தார், எடுத்த ரீல்களை எரித்துவிட்டார்கள்: இதுதான் காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிட்டு, யார் திமிர் பிடித்தவர் என்ற விசாரணையில் இறங்கிவிடுகிறார்கள்.

படத்துக்கு முக்கியம் அதற்கு அப்புறம் நடந்தது. சாவித்திரி முதலில் ஒப்பந்தமானது இரண்டாம் நாயகி சீதா வேடத்துக்கு. பானுமதி விலகியதும் அவர் மேரியானார், சீதாவுக்கு ஜமுனா வந்தார். அந்த ஒரு மாற்றம் இரண்டு நடிகைகளின் பாதையையும் திருப்பியது. சாவித்திரிக்கு இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்ததில் தமக்கு மகிழ்ச்சியே என்று பானுமதி பின்னாளில் பெருந்தன்மையாகவே பேசினார். வம்பை மட்டும் சொல்கிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

இதோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு பிழை, 'மிஸ்ஸம்மா'தான் சாவித்திரியின் முதல் படம் என்பது. 'பாதாள பைரவி'யில் ஒரு நடனத்தில் வந்தார். 1952-இல் 'பெள்ளி சேசி சூடு'. 1953-இல் 'தேவதாசு'வில் பார்வதி. பார்வதியாக அழ வைத்த ஒருத்தியை, சிடுசிடுவென்று இருந்துகொண்டே சிரிக்க வைக்கும் மேரியாக மாற்றியதுதான் இந்தப் படத்தின் சாதனை. மேரி சிரிப்பு மூட்டுவதற்காக எதுவும் செய்வதில்லை, கோபப்படுகிறாள், அவ்வளவுதான். கோபத்துக்கு நடுவே ஒரு கணம் முகம் இளகும், உடனே அதை மறைத்துக்கொள்வாள். நகைச்சுவை முழுக்க அந்த மறைப்பில் இருக்கிறது. தெலுங்கு, தமிழ் இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள்; ராமா ராவிடம் காட்டும் கோபமும் ஜெமினியிடம் காட்டும் கோபமும் ஒன்றாக இல்லை என்பது தெரியும். ராமா ராவ் சிரித்து மழுப்பும் ஆள், அதனால் மேரியின் குரல் ஏறுகிறது. ஜெமினி பணிந்து போகும் பாணி, அதனால் இங்கே அவள் எரிச்சலில் ஒரு சலிப்பு கலந்திருக்கிறது.

நாகேஸ்வர ராவைத் துணை நடிகராக எண்ணுவது

என்னைப் பொறுத்தவரை மூன்று படங்களையும் ஒப்பிடுவதற்குச் சரியான இடம் நாயகன் நாயகி இல்லை, ராஜு என்ற அந்தத் துப்பறியும் பாத்திரம்தான். தமிழ்ப் பதிவுகளில் இதை 'தங்கவேலு செய்த காமெடி வேடத்தைத் தெலுங்கில் ஏ.என்.ஆர். செய்தார்' என்று ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு இருக்கிறது தெரியுமா?

1955-இல் அக்கினேனி நாகேஸ்வர ராவ் உச்சியில் இருந்த நாயகன். 'தேவதாசு' வந்து இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. குடித்துக் குடித்துச் செத்த தேவதாசாகவே ஊர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அந்த முத்திரையை உதறவே இப்படி ஒரு சிரிப்பு வேடத்தை விரும்பி ஏற்றார் என்பார்கள். ஆகவே தெலுங்கு ரசிகன் திரையில் பார்த்தது காமெடியனை இல்லை. தான் கண்ணீர் விட்டு ரசித்த நாயகன், துப்பறிகிறேன் பேர்வழி என்று எல்லோர் பின்னாலும் அலைவதை. எதிரே இன்னொரு பெரிய நாயகன் ராமா ராவ். இரண்டு நட்சத்திரங்களும் சம பலத்தில் நிற்பதால் ராஜுவுக்கும் சீதாவுக்கும் இடையிலான காதல் தனி எடையோடு வருகிறது. படத்துக்கு இரண்டு ஜோடி கிடைத்துவிடுகிறது.

தமிழில் அதே இடத்தில் கே. ஏ. தங்கவேலு. வசனத்தை இழுத்து, நிறுத்தி, சட்டென்று விட்டடிக்கும் அவருடைய பாணி தமிழ் ரசிகனுக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் வாயைத் திறக்கும்போதே தியேட்டர் சிரிக்கத் தயாராகிவிடும். இதனால் காட்சிகள் இன்னும் கலகலப்பாகின்றன. அதே சமயம் சீதா காதல் கொஞ்சம் பின்னுக்குப் போய், ஜெமினி சாவித்திரி ஜோடியே படத்தை முழுசாக எடுத்துக்கொள்கிறது. இது குறை என்று நான் சொல்லவில்லை. தமிழ்ப் படத்தின் மையம் தெளிவாக ஒரே ஜோடியிடம் இருக்கிறது. 'மிஸ்ஸியம்மா' என்றதும் நமக்கு அந்த இருவர் முகம் மட்டும் நினைவுக்கு வருவதும், தெலுங்கர்களுக்கு நான்கைந்து முகங்கள் சேர்ந்து நினைவுக்கு வருவதும் இதனால்தான்.

இந்தியில் கிஷோர் குமார். இவர் நாயகனும் பாடகரும் கோமாளித்தனமும் சேர்ந்த ஆள். அவர் வந்ததும் ராஜு வேறு ஆளாகிவிடுகிறான். பாடவும் வரவில்லை, வாசிக்கவும் வரவில்லை என்று அந்தத் தேர்ந்த பாடகர் பாடும் 'கானா ந ஆயா, பஜானா ந ஆயா' என்ற பாட்டு அவருக்கென்றே அமைந்தது. மீனா குமாரியோ துயரத்துக்குப் பேர் போனவர். அவருடைய மேரியின் கோபத்தில் சாவித்திரியிடம் இல்லாத ஒரு கனம் இருக்கிறது. கிஷோரின் துள்ளல் அந்தக் கனத்துக்கு ஈடுகொடுக்கிறது.

ஒரே திரைக்கதை, ஒரே இயக்குநர், மூன்று விதமான எடை. இதைப் பார்க்காமல் 'மூலம் நன்றாக இருக்கும், ரீமேக் சுமார்' என்று வாய்ப்பாடு ஒப்பிப்பது இந்தப் படங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. மற்ற வேடங்களும் இப்படித்தான். தெலுங்கில் ரேலங்கி செய்ததைத் தமிழில் சாரங்கபாணி செய்தார். கடன்காரன் டேவிட்டாகத் தெலுங்கில் ரமணா ரெட்டி. ஒடிசலான உடம்பு, பார்த்தாலே சிரிப்பு வரும். தமிழில் அந்த வேடம் எம். என். நம்பியாருக்குப் போனது. நம்பியார் வாசலில் வந்து நின்றால் மேரிக்கு நிஜமாகவே ஆபத்து என்று தோன்றுகிறதா இல்லையா?

பாட்டு விஷயத்தில் குரல்களை மாற்றிச் சொல்வது

ராமா ராவ் படம் என்றால் கண்டசாலாதான் பாடியிருப்பார் என்ற நினைப்பில் 'ராவோயி சந்தமாமா' கண்டசாலா பாட்டு என்று எழுதிவிடுகிறார்கள். அது ஏ. எம். ராஜாவும் பி. லீலாவும் பாடியது. தமிழில் அதே மெட்டில் வரும் 'வாராயோ வெண்ணிலாவே'யும் அதே இருவர்தான். ராஜாவின் குரலை ஜெமினியோடு மட்டும் முடிச்சுப் போட்டுப் பழகிய நமக்கு, அது ராமா ராவுக்கும் அவ்வளவு இயல்பாகப் பொருந்துவது ஆச்சரியமாக இருக்கும். சித்தூர்ப் பக்கத்தில் பிறந்தவர் அவர். தெலுங்கு அவருக்குப் புதிதில்லை.

அந்த நிலாப் பாட்டை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். கணவன் மனைவியாக நடிப்பவர்கள், சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள். நிலாவைக் கூப்பிட்டு அதனிடம் முறையிடுகிறார்கள். அவன் இவளுடைய அகம்பாவத்தைப் பற்றிப் புகார் சொல்வான், இவள் அவனுடைய நடிப்பைப் பற்றிச் சொல்வாள். ஆனால் மெட்டு மட்டும் தாலாட்டு மாதிரி அத்தனை மென்மை. சண்டையை அந்த மெட்டில் வைத்ததால், இருவரும் ஏற்கெனவே காதலிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பது அவர்களுக்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. மேலே பார்ட்லியின் நிலா வெளிச்சம். இதை வெறும் காதல் டூயட் என்று தொகுப்பில் சேர்ப்பவர்கள் வரிகளைக் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்.

பாட்டிலேயே வாதம் செய்வது இந்தப் படத்தின் பழக்கம். மேரி சீதாவுக்குப் பாட்டுச் சொல்லித்தருகிற சாக்கில் ஆண்களைப் பற்றி எச்சரிக்கிறாள்: தெலுங்கில் 'தெலுசுகோனவே செல்லி', தமிழில் 'பழகத் தெரிய வேணும்'. ராவ் அதே மெட்டைப் பிடித்து அவளுக்கே பாடம் நடத்துகிறான்: 'தெலுசுகோனவே யுவதி', 'தெரிந்துகொள்ளணும் பெண்ணே'. ஒன்றை மட்டும் கேட்டால் உபதேசப் பாட்டு மாதிரி இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் விளையாட்டு புரியும். இங்கே ராமையாதாஸின் கைவண்ணத்தையும் சொல்ல வேண்டும். தெலுங்கு மெட்டுக்குத் தமிழ்ச் சொல்லை அடைத்த சத்தம் எங்கும் கேட்பதில்லை. 'பிருந்தாவனமும் நந்தகுமாரனும்' தமிழுக்கென்றே பிறந்த பாட்டு என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பிவிடலாம்.

இந்தியில் இசை ஹேமந்த் குமார், பாட்டு ராஜேந்திர கிருஷன். 'மெட்டெல்லாம் தமிழிலிருந்து எடுத்தது' என்பதும் தவறு, 'எல்லாமே புதுசு' என்பதும் தவறு. 'பிருந்தாவன் கா கிருஷ்ண கன்னையா' மட்டும் ராஜேஸ்வர ராவின் மெட்டைத் தழுவியது. நிலாப் பாட்டுக்கு ஹேமந்த் வேறு மெட்டுப் போட்டார்: 'ஓ ராத் கே முசாஃபிர்'. ரஃபியும் லதாவும் பாடினார்கள். கிஷோர் குமார் படத்தில் இருப்பதால் ஜெமினிக்கும் அவரே குரல் கொடுத்திருப்பார் என்று யாரும் எண்ண வேண்டாம்.

முடிவை மட்டும் வைத்து மதத் தீர்ப்பு எழுதுவது

இரண்டு எதிர் முனைகளிலிருந்தும் இதைச் செய்கிறார்கள். மதம் கடந்த காதலைச் சொன்ன புரட்சிப் படம் என்பது ஒரு முனை. கடைசியில் அவளை இந்துப் பெண்ணாக்கிவிட்டார்கள், ஆகவே பிற்போக்கு என்பது இன்னொரு முனை.

மேரிதான் மகாலட்சுமி என்று தெரிய வருவதால் இருவர் நடுவே இருந்த பெரிய தடை தானாக விலகிவிடுகிறது. அது கதையின் வசதி, சந்தேகமே இல்லை. அந்த இடத்தில் படம் துணிவைக் கைவிட்டது என்று நானும் நினைக்கிறேன். ஆனால் ராவ் காதலிக்கத் தொடங்கும்போது அவனுக்கு அது தெரியாது. அவன் விரும்பியது கிறிஸ்தவப் பெண் மேரியை. இந்து வீட்டுச் சூழலில் மனைவி வேஷம் போடுவது மேரியை எவ்வளவு உறுத்துகிறது என்பதையும் படம் சிரிப்போடு சிரிப்பாக மறைத்துவிடவில்லை. அவள் மாதாவிடம் வேண்டிப் பாடும் 'கருணிஞ்சு மேரி மாதா', தமிழில் 'என்னை ஆளும் மேரி மாதா', லீலாவின் குரலில் எந்தக் கேலியும் கலக்காத பிரார்த்தனை. 1955-இல், ஒரு நகைச்சுவைப் படத்தின் நடுவே, கிறிஸ்தவப் பெண்ணின் பக்தியை இவ்வளவு மரியாதையோடு வைத்தார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு பேசினால்தான் அது நியாயமான விமர்சனம்.

மேரியை வளர்த்த பெற்றோரான பால் (Paul) தம்பதியையும் படம் கேலிச் சித்திரமாக்கவில்லை. இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

பெயர்க் குழப்பங்கள்

2003-இல் 'மிஸ்ஸம்மா' என்று ஒரு தெலுங்குப் படம் வந்தது; பூமிகா நடித்தது. பெயர் மட்டும்தான் ஒன்று, கதைக்குத் தொடர்பில்லை. 2007-இல் செல்வராகவன் தெலுங்கில் இயக்கிய 'ஆடவாரி மாட்டலகு அர்த்தாலே வேருலே' பழைய 'மிஸ்ஸம்மா' பாட்டின் வரியைத் தலைப்பாக எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். அந்தப் படம் தமிழில் 'யாரடி நீ மோகினி' ஆனது. ஆகவே 'யாரடி நீ மோகினி'யை 'மிஸ்ஸியம்மா'வின் வழித்தோன்றல் என்று எழுதாதீர்கள். அதே பாட்டு 2001-இல் பவன் கல்யாணின் 'குஷி'யில் ரீமிக்ஸாகவும் வந்தது. புதுத் தலைமுறை அதை அங்கேதான் முதலில் கேட்டது. மூலம் ராஜேஸ்வர ராவ் இசையில் ராஜா பாடியது. தமிழில் அதற்கு இணை 'முடியுமென்றால் படியாது'.

ஜெமினி கணேசன் நடித்ததால் 'மிஸ்ஸியம்மா' ஜெமினி ஸ்டூடியோ படம் என்பதும் அவ்வப்போது வருகிறது. அவர் பெயரில் உள்ள ஜெமினி, ஒரு காலத்தில் அங்கே வேலை பார்த்ததால் ஒட்டிக்கொண்டது. ஜெமினி ஸ்டூடியோ எடுத்தது 1947-இன் 'மிஸ் மாலினி'. அவர் முதலில் திரையில் தோன்றிய படம் அது. 'மிஸ்' என்ற பொதுவான சொல்லால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

பார்க்கும்போது

துண்டுத் துண்டாகப் பாட்டுகளை மட்டும் பார்த்துவிட்டு ஒப்பீடு எழுதாதீர்கள். தமிழை முதலில் பார்த்துவிட்டுத் தெலுங்குக்குப் போனால் மொழி தெரியாவிட்டாலும் காட்சி புரியும், கதை ஏற்கெனவே கையில் இருக்கிறதே. இந்தியைக் கடைசியில் வையுங்கள்.

ராமா ராவைப் பார்க்கும்போது பிற்காலத்துக் கிருஷ்ணரையும் முதலமைச்சரையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இங்கே அவர் வேலை கிடைக்காத, வாடகைக்குக் கஷ்டப்படுகிற, எதையும் சிரித்தே சமாளிக்கிற ஒரு இளைஞர். அந்த லேசான நடிப்பு பிற்காலத்துப் பெரிய வேடங்களில் அவருக்கு அதிகம் வாய்க்கவில்லை. ரங்கா ராவையும் இரண்டு மொழியிலும் கவனியுங்கள்; ஒரு வருஷத்துக்கு முன்பின் எடுத்ததல்ல, ஒரே காலத்தில் எடுத்தது, ஆனாலும் தமிழில் அவருடைய ஜமீன்தாருக்குப் பேச்சு நடை வேறு, சிரிப்பு வேறு.

அப்புறம், காமெடி டிராக் என்று நினைத்து ரேலங்கி வரும் இடங்களை ஓட்டிவிடாதீர்கள். அவருடைய தேவய்யா முதலில் வருவது தெருவில் பிச்சை கேட்டுக்கொண்டு. 'தர்மம் செய் பாபு' என்று அவரே சொந்தக் குரலில் பாடுகிறார். படித்தவனுக்கும் வேலை இல்லை, படிக்காதவனுக்கும் சோறு இல்லை என்ற அந்தக் காலத்து நிலைமை அங்கேதான் போடப்படுகிறது. ராவும் மேரியும் ஏன் அப்படி ஒரு பொய்யைச் சொல்லத் துணிந்தார்கள் என்பதற்குக் காரணம் அந்தக் காட்சிகளில் இருக்கிறது.